நூற்று நாற்பது என்று எழுதினேன்

எனக்குக் காது கேட்காது. இப்போது இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருக்கிறேன். அதனால் சபையில் நீங்கள் பாடுவதும், பாட்டுக்கு நடுவே பக்கத்து பெஞ்சில் ஊர்க்கதை பேசுவதும் எனக்கு நன்றாகவே விழுகிறது. ஆனால் ஒரு காலத்தில் என் காதை நம்பித்தான் ஒரு ஆஸ்பத்திரியே நடந்தது. அந்தக் காது போனதையும், போனதை நான் மறைத்ததையும், அப்போது கர்த்தர் எனக்குச் செய்ததையும் போன மாதம் பெண்கள் கூட்டத்தில் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அது சாட்சி ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். அதனால் என் கேவலத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் ஸ்ரீராம்புரத்தில், பன்னிரண்டு கட்டில் போட்ட சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தேன். இன்று அந்தக் கட்டிடமே இல்லை. கீழே செல்போன் கடை, மேலே ஜிம். அந்த வழியாகப் போனால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. சிவப்பு சிமெண்ட் தரை, பினாயில் வாசனை, வாசலில் கையில் ஃபிளாஸ்கோடு நிற்கும் மாமியார்கள், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். மாடியில்தான் டாக்டரம்மாவின் வீடு. அங்கே தாளித்தால் கீழே பிரசவ அறையில் மணக்கும். வலியில் துடிக்கிற பெண்கூட, "இன்னிக்கி டாக்டர் வூட்ல மீன் கொழம்பா சிஸ்டர்?" என்று கேட்பாள். நாங்கள் சிரித்துவிடுவோம். அவளும் சிரித்துவிட்டு அடுத்த வலிக்குக் கத்துவாள்.

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் இருதயத் துடிப்பைக் கேட்க எங்களிடம் ஒரு சின்ன அலுமினியக் குழல் இருந்தது. ஒரு முனையைத் தாயின் வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை அழுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நூற்றுப்பத்திலிருந்து நூற்றறுபதுக்குள் இருந்தால் பிள்ளை சுகம். ரயில் போகிற சத்தத்திலும் நான் எண்ணிவிடுவேன். "ராணி கேட்டாச்சா? அப்ப சரி" என்பார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைக்கனம் ஏறிக் கிடந்தது.

என்னோடு வேலை பார்த்தவள் மங்களா. துமகூர்ப் பக்கத்துக் கன்னடப் பெண், என்னைவிட ஏழு வயது சின்னவள். டூட்டிக்கு நடுவில் எதிர் ஹோட்டலில் இரண்டு பேரும் பை-டூ காபி குடிப்போம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். பெரிய பாதி யாருக்கு என்று தினமும் எங்களுக்குள் சண்டை.

ஐம்பது வயதைத் தாண்டியதும் என் காது மங்கத் தொடங்கியது. ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டு டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் போனது. "பக்கத்து வீட்டுக்காரன் சானல் மாத்தச் சொல்றான்டி" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். யாருக்கும் தெரியாமல் காது டாக்டரிடம் போனேன். நரம்பு பலவீனம், மருந்தால் திரும்பாது, மெஷின் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சீட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். காதில் மெஷின் மாட்டிய நர்ஸிடம் எவள் தன் வயிற்றைக் காட்டுவாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

ஜெபித்தேன். வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன். போதகர் காதில் எண்ணெய் வைத்து ஜெபித்தார். தலைவலி என்று பொய் சொல்லித்தான் அவரிடம் போனேன், அவர் நெற்றியில் வைக்க வந்த எண்ணெயைக் காதுக்கு நானே தள்ளிவிட்டேன். காது திறக்கவில்லை. எத்தனை ஆயிரம் பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன், எனக்கு இந்த ஒன்றைச் செய்யக் கூடாதா என்று ஆண்டவர்மேல் கோபம்கூட வந்தது.

ஆனாலும் வேலை ஓடியது. அதற்குக் காரணம் டாப்ளர் மெஷின். வயிற்றில் வைத்தால் துடிப்பை எண்ணாகவே காட்டிவிடும். நான் எண்ணைப் பார்த்து எழுதினேன், கேட்டது போலத் தலையாட்டினேன். யாராவது எதிரில் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

மங்களாவுக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் மூன்று முறை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. அவள் என் தோளைத் தொட்டு, எல்லோருக்கும் முன்னால், "அக்கா, காது சரியா கேக்கல்லியா?" என்றாள். அக்கறையாகத்தான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உன் வேலைய நீ பாரு. என் காத பத்தி நீ பேசாத" என்று வார்டே அதிரக் கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. எட்டு மாதம். ஹோட்டலில் நான் தனியாக முழுக் காபி வாங்கிக் குடித்தேன். பாதிக்கு மேல் இறங்காது.

பிறகு ஒரு நாள் டாப்ளர் கீழே விழுந்து உடைந்தது. ரிப்பேருக்குப் போனது, வரவே இல்லை. மறுபடியும் அலுமினியக் குழல்.

இனி எழுதப் போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. குழலை வைத்துக் குனிவேன். சில நாள் ஏதோ லேசாகக் கேட்கும், சில நாள் ஒன்றுமே கேட்காது. நிமிர்ந்து, "நல்லா இருக்கும்மா" என்பேன். சார்ட்டில் நூற்று நாற்பது என்று எழுதுவேன். எப்போதும் அதையே எழுதினால் தெரிந்துவிடும் என்று நடுநடுவே நூற்று முப்பத்தாறு, நூற்று நாற்பத்திரண்டு என்று மாற்றுவேன். மூன்று வாரம் இப்படிச் செய்தேன். பிள்ளைகள் சுகமாகவே பிறந்தன. கர்த்தர் என்னை மன்னித்துக் காக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் செல்வி வந்தாள். போளூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண், கார்மெண்ட்ஸில் தையல் வேலை. புருஷன் பெயிண்டர், கையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்போடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை வேறொரு ஊரில் வயிற்றிலேயே இறந்து பிறந்ததாம்.

மங்களா அடுத்த அறையில் இன்னொரு பிரசவத்தில் இருந்தாள். டாக்டரம்மா மாடியில் சாப்பிடப் போயிருந்தார். செல்விக்கு நான்தான். இடுப்பைத் தேய்த்துவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன். வலி வந்து அடங்கியதும் குழலை வைத்துக் குனிந்தேன். ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்தது போல இருந்தது.

"கேக்குதா சிஸ்டர்?"

"நல்லா இருக்கு கண்ணு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க சிஸ்டர். கடைசி வரிக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க."

நான் பேனாவை எடுத்திருந்தேன். ஒன்று போட்டுவிட்டேன். நான்கு போட வேண்டும். கை ஓடவில்லை. மறுபடியும் குனிந்தேன். "ஆண்டவரே, காதைத் திறவும், இந்த ஒரு தரம் மட்டும்" என்று கெஞ்சினேன். திறக்கவில்லை. என் கண்ணீர் அவள் வயிற்றில் விழுந்தது. அப்போது என் ஜெபம் மாறியது. நான் மாற்றவில்லை, அதுவே மாறியது. "என் வேலை போகட்டும், மானம் போகட்டும், இந்தப் பிள்ளையை மட்டும் காப்பாற்றும்" என்றேன். சொல்லி முடித்ததும் மங்களா முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. வேறு எந்தச் சத்தமும் எனக்கு வரவில்லை, தரிசனமும் வரவில்லை. அவளிடம் போ என்பது மட்டும் அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஓடினேன். அவள் பிறந்த பிள்ளையைத் துடைத்து ஆயா கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மங்களா, எனக்குக் கேக்கல. காது போயிடுச்சு. ரெண்டு வருஷமா கேக்கல. வந்து கேளு, சீக்கிரம்."

அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாள். குழலை வைத்தாள். அவள் உதடு எண்ணுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நிமிடத்திலேயே தலையை நிமிர்த்தினாள்.

"தொண்ணூறுகூட இல்ல அக்கா, இன்னும் எறங்குது. டாக்டர கூப்பிடுங்க, பேக, சீக்கிரம்!"

அவள் செல்வியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆக்ஸிஜன் போடுவதற்குள் நான் மாடி ஏறிவிட்டேன். டாக்டரம்மா சோற்றுக் கையோடு வந்தார். ஆபரேஷன் என்றார். காலையில் ஒரு கேஸுக்கு வந்த மயக்க டாக்டர் அப்போதுதான் கேட்டில் ஹெல்மெட் மாட்டி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வண்டிச் சாவியைப் பிடுங்கினேன். ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் அவர் மெயின் ரோட்டு டிராஃபிக்கில் போய்ச் சிக்கியிருப்பார். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். செல்வி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அவள் தலைமாட்டில் கையைப் பிடித்து நின்றேன். கழுத்தில் இரண்டு சுற்றுக் கொடியோடு பெண் பிள்ளை வெளியே வந்தது. நீலமாக இருந்தது. மங்களா அதை வாங்கித் துடைத்தாள், சளியை எடுத்தாள், முதுகைத் தேய்த்தாள். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். யார் முகமும் தெரியவில்லை, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் நின்ற அந்த நேரம் என் எதிரிக்கும் வேண்டாம்.

செல்வி என் கையை இழுத்தாள். அவள் முகத்தருகே குனிந்தேன்.

"அழுவுது சிஸ்டர்! கேக்குது பாருங்க, அழுவுது!"

ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நூற்று நாற்பதையும் சேர்த்து. அவர் மேசையில் இருந்த சார்ட்டை மூடி வைத்தார். அப்புறம், "முப்பது வருஷம் கூட இருந்திருக்க. என்கிட்ட சொல்லணும்னு தோணலையா ராணி?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காதுக்கு மெஷின் போடும் வரை பிரசவ அறைக்குள் வரக் கூடாது என்றார். சரி என்று வெளியே வந்தேன்.

மங்களா வாசலில் நின்றிருந்தாள். "வாங்கக்கா, காபி குடிக்கலாம்" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பை-டூ. "நான் எழுதினதெல்லாம் பொய் மங்களா. அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று அழுதேன்.

அவள் யூனிஃபார்ம் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து என் முன்னால் வைத்தாள். கட்டில் எண், நேரம், துடிப்பு. பக்கம் பக்கமாகப் பென்சிலில் எழுதியிருந்தாள். எல்லாம் நான் பார்த்த பெண்கள். மூன்று வாரமும் நான் கேட்டுவிட்டு நகர்ந்ததும், அவள் வந்து ஒருமுறை குழல் வைத்துக் கேட்டிருக்கிறாள். ஆறாம் கட்டில் பெண்ணுக்கு ஒரு நாள் டாக்டரம்மா திடீரென்று மாடியிலிருந்து இறங்கி வந்து ஆபரேஷன் செய்தார். அது அவருடைய அனுபவம் என்று நான் நினைத்திருந்தேன். போய்ச் சொன்னது மங்களா.

"நனகெ கொத்து, அக்கா" என்றாள். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். "சொன்னா உங்கள வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க. உங்க வாயால நீங்களே சொல்லணும்னு இருந்தேன். இன்னிக்கி என்னால வர முடியல. அந்த ரூம்ல மாட்டிகிட்டேன். நீங்க மட்டும் வராம இருந்திருந்தா..." அவளும் அழுதாள்.

என் காதுக்காக நான் உபவாசம் இருந்தேனே, அதற்கான பதில் மூன்று வாரமாக எனக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தது. நான்தான் அதனோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். மங்களா சபைக்கு வருகிறவள் அல்ல. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி, பூ வைத்துக்கொண்டு வருகிறவள். ஆண்டவர் யாரை அனுப்ப வேண்டும் என்று என்னைக் கேட்டு அனுப்பவில்லை.

மெஷின் போட்டுக்கொண்டு திரும்பினேன். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. சில பெண்கள், "எங்க ஆயாவும் இதுதான் மாட்டியிருக்கு" என்றார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையின் துடிப்பை இரண்டு பேர் கேட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனது. நான் கேட்காத நேரத்தில் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தேய்த்தேன், அவர்கள் சொல்வதை முகம் பார்த்துக் கவனித்தேன். முன்னால் என் காது நன்றாக இருந்தபோது நான் எந்தப் பெண்ணின் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியை மூடுகிற வரை இப்படியே இருந்தேன். அந்த வருடங்களைத்தான் நான் இன்றும் கனவில் காண்கிறேன்.

செல்வியின் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து, பலகாரத் தட்டைக் காலி செய்துவிட்டு, என் காது மெஷினைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிப்பாள். அவள் கத்துகிற கத்தலுக்கு மெஷினே தேவையில்லை.

வருடக்கணக்காக ஜெபித்தும் பதில் இல்லை என்று சோர்ந்திருக்கிற என் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜெபத்தை விடாதீர்கள். கூடவே, நீங்கள் யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். எனக்கு முடியவில்லை என்று யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கம் ஒரு நிமிடம்தான்.

மங்களா இப்போது ஆடுகோடியில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து ஸ்ரீராம்புரம் வருவாள். செல்போன் கடைக்கு எதிரில் அந்த ஹோட்டல் மட்டும் இன்னும் இருக்கிறது. ஹோட்டல் முழுக்கக் கேட்கும்படி என் காதில் கத்திப் பேசுவாள், பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவாள், நான் திருப்பித் தள்ளுவேன். என் ஆண்டவருக்கு முழு ஸ்தோத்திரம். இந்த மாதம் பெரிய பாதி அவளுக்குத்தான்.