பெண்கள் மட்டும் பார்க்க வேண்டிய சாட்சி

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். மாம்புரியில் ஒரு கல்யாணம். அப்போது நான் புத்தளம் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் பகுதியை மட்டும் படம் எடுத்துக்கொடுத்து வந்தேன். எங்கள் முஸ்லிம் கல்யாணங்களில் அந்தப் பகுதிக்குள் ஆண் கமராக்காரர் கால் வைக்க முடியாது. முக்காடில்லாமல், பூவும் நகையுமாக எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிற இடம் அது. ஆண்கள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் கொடுக்கிற வாக்குதான் என் பிழைப்பே.

அன்று பின்னேரம் மணமகள் என்னை அக்கா முறை கொண்டாடி, "ராத்தா, கடற்கரையில ரெண்டு படம் எடுப்பமா?" என்று ஆசையாகக் கேட்டாள். போய் எடுத்தோம். என் கண்ணுக்கு அலையும் அவளுடைய சாறியும்தான் தெரிந்தன. பின்னாலிருந்த கடற்படை முகாமும் படத்தில் விழுந்ததை நான் கவனிக்கவே இல்லை. சற்று நேரத்தில் பொலிஸ் வந்துவிட்டது. தேசிய பாதுகாப்புக்குரிய இடத்தைப் படம் பிடித்தேனாம், மறியலுக்கும், அதுதான் சிறைக்கும், போக நேரலாமாம். கமராவோடு என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நிலையத்தில் கமராவின் மெமரி காட்டை வாங்கியவர் ஒரு சிங்களப் பெண் சார்ஜன். மறியல் பயத்தைவிட, மண்டபத்தில் எடுத்த படங்களும் அதே காட்டில் இருக்கின்றனவே என்பதுதான் என்னைக் கலக்கியது. அரைகுறைச் சிங்களத்தில், ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று கெஞ்சி அழுதேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரி சரி என்று தலையாட்டினார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

பிணையில் வந்தேன். அதன்பிறகு நீதிமன்றத்தில் தவணைக்கு மேல் தவணை. படத்தில் பாதுகாப்புத் தகவல் ஏதும் இருக்கிறதா என்ற அறிக்கை வரவில்லை என்பார்கள், இன்னொரு திகதி போடுவார்கள். விஷயம் கேள்விப்பட்டு, என்னை அழைத்த கல்யாண வீடுகளும் பின்வாங்கின. நீதிமன்ற வாசலிலேயே நான் பொரிந்து தள்ளுவேன். ஒவ்வொரு தவணைக்கும் இடியப்பப் பார்சலோடு துணைக்கு வரும் மணமகளின் உம்மாதான் என்னை அடக்குவார்.

"கத்தாத புள்ள. இந்தக் கேஸ் முடியிறதுக்குள்ள எனக்குப் பேரப்புள்ளயே பொறந்திரும் போல" என்பார். அந்தப் பேரப்பிள்ளை உண்மையாகவே பிறந்து, அடுத்த தவணைக்கு உம்மாவின் மடியில் வந்து உட்கார்ந்தது!

அன்று நீதவானுக்கே பொறுமை போய்விட்டது. ஒரு மெமரி காட்டைப் பார்க்க இவ்வளவு காலமா என்று அதட்டினார். அதற்குப் பொலிஸ் தரப்பு சிங்களத்தில் சொன்ன பதிலை என் சட்டத்தரணி காதில் சொன்னபோது என்னால் நம்பவே முடியவில்லை. இதைப் பெண் அதிகாரி ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்று அந்த சார்ஜன் முதல்நாளே ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். அறிக்கை தரும் பிரிவிலோ பெண்ணே இல்லை. பெண் ஒருவர் வரும்வரை காட்டுக்கு வைத்த சீல் உடைக்கப்படவே இல்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டிய தவணை ஒவ்வொன்றும் என் வாக்கைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பெண் அதிகாரி இப்போது வந்திருந்தார். மூடிய அறைக்குள் அவரும், ஆட்களை அடையாளம் காட்ட மணமகளின் உம்மாவும் மட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே நான் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. என்ன நடக்கிறதென்று தெரியாமல் காவலுக்கு நின்ற பொலிஸ்காரரும் விழித்தார்.

முகாமென்று படத்தில் விழுந்தது ஒரு மதில் துண்டும் தண்ணீர்த் தாங்கியும்தானாம். அதிலும் பாதியைச் சாறி மறைத்திருந்ததாம். பாதுகாப்புத் தகவல் எதுவுமில்லை என்றார் அதிகாரி. நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை விடுவித்தார். அந்த அதிகாரி போகும்போது, மணமகளின் சாறிச் சட்டையைத் தைத்தது யார் என்று உம்மாவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டு போனார்!

சார்ஜனைத் தேடி ஓடினேன். வாசலில் நின்றிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அதற்குள் உம்மா குழந்தையைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்துவிட்டார். யூனிஃபோமோடு குழந்தையை ஏந்திக்கொண்டு, "அப்ப கல்யாணம், இப்ப பபா! கேஸ் ரொம்ப லேட் நங்கி" என்று, தனக்குத் தெரிந்த தமிழில், என்னைத் தங்கச்சியாக்கிச் சொன்னார். வாசலே சிரித்தது.

காலம் போய்விட்டது, கல்யாண வீடுகளும் பழையபடி அழைக்கின்றன. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண், என் மானத்தைத் தன் மானமாக நினைத்து என்னிடம்கூடச் சொல்லாமல் காத்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.