கழற்ற முடியாத மேகசின்: கும்மிடிப்பூண்டி ஸ்க்ராப் யார்டில் ஒரு நாள்

பழைய ராணுவ ரைபிள்களைப் பார்க்க ஊர் ஊராகப் போகிறவன் நான். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை: வேப்பம்பட்டில் வீடு, சென்னையில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் துப்பாக்கியால் சுட்டதில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததும், படித்ததும்தான் எனக்குத் தெரிந்தவை. போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டி போனதற்கு அந்த அரைகுறை அறிவுதான் காரணம்.

முந்தின நாள் மாலை ஸ்டெல்லாவிடமிருந்து ஐந்தாறு போட்டோக்கள் வந்தன. ஸ்டெல்லா என்னோடு கல்லூரியில் படித்தவள், கவரப்பேட்டைப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் சேஃப்டி படிப்பு முடித்து, சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலை ஒன்றில் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

போட்டோவில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள். வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்த ஸ்க்ராப்பில், அதாவது உருக்குவதற்கான பழைய இரும்பில், கிடந்தனவாம். குழலை அறுத்து, மரக்கட்டையெல்லாம் போய், நடுப்பகுதி மட்டும் மிஞ்சிய பழைய ரைபிள்கள். போனில் கூப்பிட்டாள்.

"இதுக்குள்ள தோட்டா இருக்க சான்ஸ் இருக்கா? தெரியும்னா தெரியும்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வகை இருந்தன. சிலவற்றின் அடியில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை, அதன் வழியாகத் தரை தெரிந்தது. மற்றவற்றில் விசைக்கு முன்னால் ஓர் இரும்புப் பெட்டி, அடிப்பக்கம் மூடியபடி. அந்த இரண்டாவது வகைக்குள் தோட்டா இருக்கலாம் என்று பட்டது. காலையில் வருகிறேன், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றாள்.

ரயிலில் போவதானால் வேப்பம்பட்டிலிருந்து சென்ட்ரல் வந்து கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும், எப்படியும் மூன்று மணி நேரம் பிடிக்கும். எனக்கு அவசரம், அதனால் பைக். திருநின்றவூர், பெரியபாளையம், ஆரணி, கவரப்பேட்டை வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஆறரைக்குக் கிளம்பினேன். ஆடி என்பதால் பெரியபாளையத்தில் கோயிலுக்கு வரும் வேன்கள் சாலையை அடைத்திருந்தன. அங்கேயே நாஷ்டாவை முடித்துக்கொண்டேன்: நாலு இட்லி, ஒரு வடை, அறுபது ரூபாய். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பாதை பக்கமே வராதீர்கள். மற்ற நாட்களில் ஆரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், நல்ல காற்று, சாலையும் மோசமில்லை. கவரப்பேட்டையில் நெடுஞ்சாலையைத் தொட்ட பிறகு லாரிகளுக்கு நடுவில் பொறுமையாகப் போக வேண்டும்.

சிப்காட் உள்ளே எனக்கு வழி தவறியது. ஓரமாக நிறுத்தியிருந்த லாரிக்காரரிடம் ஆலையைச் சொல்லிக் கேட்டேன். "எல்லா கேட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் நைனா. அதோ பார், ஸ்க்ராப் லாரி போய்க்கினு கீது. அது பின்னாடியே போ" என்றார். போனேன். கேட்டில் ஹெல்மெட்டும் ஷூவும் கொடுத்து உள்ளே விட்டார்கள். மணி ஒன்பது.

யார்டில் ஸ்டெல்லா அந்தத் துண்டுகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள். பக்கத்தில் தேசப்பன் நின்றிருந்தார். கேஸ் கட்டிங், அதாவது கேஸ் நெருப்பால் இரும்பை வெட்டும் வேலை செய்பவர், நாற்பது வயதிருக்கும், கான்ட்ராக்ட் ஆள். சனிக்கிழமை இதைக் கண்டதும் வேலையை நிறுத்தி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டவர் அவர்தான்.

"ஓட்டையா இருந்தத ரெண்ட வெட்டிட்டேன் சார், ஒண்ணும் ஆவல. இது மூடிக்கினு கீது. உள்ள இன்னா கீதுன்னு தெரில. அதான் மேடத்தக் கூப்டேன்."

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உலை காத்திருக்கிறது, வெடிபொருள் எதுவும் இல்லை என்று சரக்கோடு சான்றிதழ் வந்திருக்கிறது, துருப்பிடித்த இரும்புக்கு எதற்கு இவ்வளவு பயம் என்பது அவர் நியாயம். என்னிடம் நேராகக் கேட்டார்: "இந்த மாதிரி ரைபிளக் கையில எடுத்து லோட் பண்ணியிருக்கீங்களா?"

இல்லை என்றேன். பிறகு எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேகசின் என்பது தோட்டாக்கள் அடுக்கி நிற்கும் பெட்டி. நம் ஊர் போலீஸ்காரர்கள் வெகுகாலம் தூக்கிக்கொண்டு நடந்த த்ரீ நாட் த்ரீயில் அந்தப் பெட்டியைக் கழற்றலாம். சிப்பாய்கள் என்னவோ மேலே இருந்துதான் தோட்டாக்களை அழுத்தி நிரப்புவார்கள், மாற்றுப் பெட்டியும் பெரும்பாலும் தர மாட்டார்கள். ஆனாலும் கழலும். ரைபிளை ஒழிக்கும்போது பெட்டியை உருவிவிடுவார்கள், அடியில் ஓட்டை தெரியும், அப்படி ஓட்டை உள்ளவை பத்திரம். அதே காலத்து வேறு பல ராணுவ ரைபிள்களில் பெட்டி உடம்போடு சேர்ந்தது, உருவ முடியாது. ஐந்து தோட்டாக்களை மேலேயிருந்து உள்ளே தள்ளி, போல்ட்டை, அதாவது பின்பக்கத் தாழ்ப்பாளை மூடிவிட்டால் வெளியே இருந்து ஒன்றும் தெரியாது. இந்தத் துண்டுகளில் போல்ட் மூடியபடியே துருவில் இறுகியிருக்கிறது. யாரும் திறந்து பார்த்திருக்க வழியில்லை.

"குழலே இல்லையே, எங்க சுடப்போவுது?" என்றார் மேனேஜர்.

சுடாது, ஆனால் கட்டிங் நெருப்பு பட்டால் தோட்டா பெட்டிக்குள்ளேயே வெடிக்கும், பித்தளைச் சில்லு பறக்கும், வெட்டுகிறவரின் முகம் ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும் என்றேன். அவர் தேசப்பனைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்பது போல.

"நான் வெட்ட மாட்டேன்னா வேற ஆள வெச்சி வெட்டுவீங்க சார்" என்றார் தேசப்பன். "அவனுக்கும் மூஞ்சி ஒண்ணுதான."

ஸ்டெல்லா கயிற்றுக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்: "சார், தோட்டா இருக்குன்னு நான் சொல்லல. இல்லன்னு இங்க யாராலயும் சொல்ல முடியல. கட்டிங்க நிறுத்துறேன். போலீசுக்கு போன் பண்றேன்."

மேனேஜர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. போகும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினாள்.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு வெடிகுண்டுப் பிரிவுக்குச் சொன்னார்கள். அவர்கள் வரும்வரை எங்களை கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கேன்டீன் சாம்பார் சாதம் வந்தது. ஸ்டெல்லா பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல் போனால் இவள் நிலைமை என்ன என்று எனக்கு ஓடியது. தோட்டா இருக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன், உடனே அந்த ஆசைக்கு வெட்கப்பட்டேன்.

மூன்று மணி வாக்கில் வெடிகுண்டுப் பிரிவு இன்ஸ்பெக்டர் கையுறையைக் கழற்றியபடி வந்தார். மணல் மூட்டை அடுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை காலி. ஒன்றில் மட்டும் ஐந்து தோட்டாக்கள், பாசி நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அடுக்கில் நின்றன. போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

பிறகு என்னிடம் திரும்பி, ஓட்டை உள்ளதெல்லாம் பத்திரம் என்று சொன்னது நீங்களா என்றார். ஆமாம் என்றேன். மேகசினை உருவினாலும், குழலை அறுத்த பிறகு மிஞ்சும் அதன் பின்பக்க அறையில் ஒரு தோட்டா நின்றிருக்கலாம், அதனால் அவற்றையும் சோதித்தோம், நல்லவேளை எதிலும் இல்லை என்றார். படித்தவற்றில் அது எனக்கும் தெரியும். பெட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் சொல்ல மறந்துவிட்டேன். தேசப்பன் அப்படிப்பட்ட இரண்டைத்தான் சனிக்கிழமை வெட்டியிருந்தார்.

அவர் சுவரோரம் போய் வீட்டுக்கு போன் செய்தார். நடந்ததைச் சொல்வார் என்று நினைத்தேன். மனைவியிடம் "சாப்ட்டியா? இன்னா கொழம்பு?" என்று மட்டும் கேட்டு, பதிலை நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஸ்டெல்லாவிடம், "இனிமே யார்டுக்குள்ள இன்னா வரணும், இன்னா வரக்கூடாதுன்னு நீங்க சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். அப்புறம்தான் அவளுக்குப் பசித்தது. பொன்னேரி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் நாங்கள் பரோட்டா சாப்பிட்டபோது மணி ஐந்தரை.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: ஆலைகளுக்குள் வேடிக்கை பார்க்க விட மாட்டார்கள், கேட்டுப் பார்க்கவும் வேண்டாம். பெரியபாளையம் கோயில், பொன்னேரி, பழவேற்காடு என்று ஒரு நாளுக்கு நல்ல சுற்று. பைக்குக்கு இருநூற்றைம்பது ரூபாய் பெட்ரோல் போதும். பழைய ரைபிளைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கே போங்கள். அங்கே அடியில் மூடிய பெட்டி இருக்கிறதா, கழற்றும் பெட்டியா என்று கவனித்துப் பாருங்கள், ரைபிள் எந்தக் காலத்தது, எந்த நாட்டு வழி வந்தது என்பது பாதி புரிந்துவிடும். பரணிலோ பழைய இரும்புக் கடையிலோ இப்படி ஒன்று கண்ணில் பட்டால், ஓட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடாதீர்கள், தட்டாதீர்கள். தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். என்னைப் போல ஆர்வத்தில் படித்தவன் பேச்சை வேலையை நிறுத்த மட்டும் நம்பலாம், தொடங்க நம்பக்கூடாது.

ஒரு மாதம் கழித்து ஸ்டெல்லாவை வேலையில் நிரந்தரமாக்கினார்கள். பக்கத்து ஆலைகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ஷெட்டில் உட்கார வைத்து அவள் வகுப்பு எடுத்தாள், போய்ப் பார்த்தேன். பீகார் ஆட்களுக்காகப் பாதி இந்தியில் பேசினாள். முடிவில் தேசப்பன் எழுந்து, நாங்கள் நிறுத்தினாலும் கான்ட்ராக்டர் வெட்டச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். ஷெட் முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

"எனக்கு போன் பண்ணுங்கண்ணா" என்றாள். "நான் வந்து பக்கத்துல நிக்கிறேன்."