அம்சவல்லியின் எஃகு டிரம்

கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைபடும்போது வீணாக வழிந்தோடும் தண்ணீரைப் பேராவூரணிப் பக்கத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. எங்கள் தெருவில் வசிக்கும் அம்சவல்லி பொருட்படுத்தினார். களத்தில் தேங்காய் உடைத்துவந்த அவர், அத்தண்ணீரைக் காய்ச்சி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவைத்து, வினிகர் செய்யத் தொடங்கினார். ஊறுகாய்த் தொழில் நடத்தும் உபைதுல்லா அதனைத் தவறாமல் வாங்கினார். அந்த ஒரே வாடிக்கையை நம்பித்தான் அம்சவல்லி களத்து வேலையை விட்டார்.

வினிகராவதற்கு முன்பு அந்நீர் கள்ளைப் போல நுரைத்து மணக்கும். ஊருக்கு அது போதாதா?

"என்ன அம்சவல்லி, இன்னிக்குச் சரக்கு இறங்கிருச்சா?" என்று அடுத்த வீட்டு நல்லக்கண்ணு வேலிக்கு அப்பாலிருந்து கேட்பார்.

"ஒங்களுக்கு ஊத்துனா போதை ஏறாது மாமா, பல்லுதான் கூசும். போய் வேலையப் பாருங்க."

வாய் பதில் சொல்லிற்றே தவிர, மனம் குன்றியது. மணத்தை ஒழிக்க வழி கேட்டு, சுயதொழில் பயிற்சி நடத்தும் சூர்யபிரகாஷிடம் சென்றார்.

"பிளீச்சிங் பவுடரக் கரைச்சு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. எந்தப் பாத்திரமானாலும் பளிச்சுனு ஆயிடும்."

வெள்ளம் வடிந்தபின் கிணற்றில் போடுவதற்காக ஊராட்சியில் கொடுத்த பவுடர் வீட்டில் மிச்சமிருந்தது. வினிகரை இறக்கிய ஒவ்வொரு முறையும், புளிக்கவைக்கும் எஃகு டிரம்மில் அந்தப் பவுடரைக் கரைத்து ஊற்றி மூடிவைத்தார். மணம் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் வினிகர் பழுப்பேறியது.

உபைதுல்லா கேன்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஊறுகாயே துரு வாடை அடிக்குதுக்கா. இரும்பு டிரம்முக்கு மாறிட்டீங்களா?"

"இல்லங்க பாய், அதே ஸ்டீல்தான்."

உபைதுல்லா டிரம்மை வெயிலில் சாய்த்து உள்ளே பார்த்தார். அடிப்பகுதியெங்கும் ஊசி குத்தியதைப் போலப் பழுப்புப் புள்ளிகள்.

"இதுல பிளீச்சிங் ஊத்துனீங்களா? எங்க தொட்டி ஒண்ணு இப்படித்தான் போச்சு."

துருப்பிடிக்காத எஃகைத் துருவிலிருந்து காப்பது, அதன்மேல் படிந்துள்ள, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். பிளீச்சிங் கரைசல் நெடுநேரம் தேங்கினால் படலம் ஆங்காங்கே உடைந்து, உலோகம் குழிகுழியாக அரிக்கப்படும். பிறகு ஊற்றும் புளிப்பு நீர் அக்குழிகளிலிருந்து இரும்பைக் கரைத்தெடுக்கும். டிரம்மில் வினிகர் மிச்சமிருக்கும்போதே பவுடரைக் கொட்டியிருந்தால், நச்சுவாயு கிளம்பி மூச்சையே அடைத்திருக்கும். இவற்றைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? இவற்றை அறியாத ஒருவர் எதைப் பயிற்றுவிக்கிறார்?

தெருக்காரர்கள் நாங்கள் சூர்யபிரகாஷைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். "நான் பிளாஸ்டிக் கேனுக்குத்தாங்க சொன்னேன். அவுங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றார் கூசாமல்.

அடுத்த பயிற்சி நாளன்று, அம்சவல்லி அந்த டிரம்மைச் சமுதாயக்கூடத்துக்குள் உருட்டிக்கொண்டு போனார். இருபுறமும் பெண்கள் எழுந்து வழிவிட்டனர்.

"எந்தப் பாத்திரமானாலும்னு சொன்னீங்களா, இல்லியா?"

"கிளாஸ் முடியட்டும்மா, பேசிக்கலாம்."

"முடிஞ்சா இவுங்கல்லாம் வீட்டுக்குப் போயி ஊறப் போட்டுருவாங்க. இப்பவே சொல்லுங்க."

ஸ்டீலில் பிளீச்சிங் ஊற்ற வேண்டாம் என்று, சூர்யபிரகாஷ் தலை நிமிராமல் ஒருவாறு சொன்னார். தவறு தம்முடையது என்று மட்டும் சொல்லவில்லை.

உணவுப்பொருள் வைப்பதற்கேற்ற பிளாஸ்டிக் பீப்பாயில் செய்த புதிய வினிகரை உபைதுல்லா எடுத்துச் சென்றிருக்கிறார். ஊறுகாயில் சேர்த்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றார், அது நியாயம். அதுவரை அம்சவல்லி மீண்டும் களத்தில் தேங்காய் உடைக்கிறார். சூர்யபிரகாஷோ வாரந்தோறும் பயிற்சி நடத்துகிறார்.