பீஸ் கட்டிப் பழகிய தள்ளாட்டம்

குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவனை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. குடிக்காமல் தள்ளாடுவதற்கு மாதாமாதம் பீஸ் கட்டிய மடையனைத் திருவனந்தபுரத்தில் யாராவது பார்த்ததுண்டா? அது நான்தான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டியவன். களியக்காவிளைப் பக்கத்துக்காரன், கல்யாணமான வருஷமே கரமனைக்கு வாடகைக்கு வந்துவிட்டேன். சொந்த வேன். கரமனை, அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பிள்ளைகளை ஏற்றி ஸ்கூலில் விட வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு வண்டியால்தான்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணிவரை எனக்கும் வேனுக்கும் வேலையில்லை. மற்ற டிரைவர்கள் சீட்டு விளையாடுவார்கள், இல்லையென்றால் பின் சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். எனக்கு நடுமுதுகில் வலி, தூக்கமும் வராது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “உக்காந்தே இருக்கீங்க, உடம்பு அசையணும்” என்றார். இதைச் சொல்ல எக்ஸ்ரே எதற்கு? என் பெண்டாட்டி தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, நடக்கலாம் என்று இறங்கினால் தெருவுக்குத் தெரு நாய்கள். ஒருநாள் நடந்தேன், மறுநாள் ஓடினேன், அதற்கடுத்த நாள் போகவில்லை.

பழவங்காடியில், பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்கும் கடை ஒன்றின் மாடியில், தகர ஷீட்டுக்கு அடியில் குங்ஃபூ வகுப்பு நடப்பதை அப்போதுதான் பார்த்தேன். மாஸ்டர் ஒரு மலையாளி. என் வயதுதான் இருக்கும், ஆனால் நெஞ்சைத் தாண்டித் தொங்கும் தாடி. கறுப்புப் பட்டுச் சட்டை, அதில் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு டிராகன். அந்த வெக்கையில் பட்டுச் சட்டை போடுகிறவனை முதல் பார்வையிலேயே நம்பியிருக்கக்கூடாது.

சாயங்கால வகுப்பில் சாதாரண குங்ஃபூவாம். காலையில், எனக்கு ஒழிவிருந்த நேரத்தில், குடிகாரப் பாணி மட்டும்தான்.

“அதென்ன மாஸ்டர், குடிகாரப் பாணி?” என்று கேட்டேன்.

“அண்ணாச்சி, சைனாவில பரம்பரையா உள்ளதாணு. குடிச்ச ஆளு மாதிரி ஆடணும். எதிரி பாத்தா, இவன் இப்போ விழும்னு நெனைக்கும். பக்ஷே விழாது. அதான் வித்யை” என்றார்.

“குடிக்கணுமா?”

“ஒரு துள்ளிகூட பாடில்ல!” என்று காதைப் பிடித்துக்கொண்டார்.

சொட்டுக்கூட ஆகாது என்றதும் எனக்குத் திருப்தி. எங்கள் சர்ச் சபையில் குடிப்பது பாவம், எனக்கோ அந்த வாடையே ஆகாது. முதுகுக்கு நல்லது என்று அவர் சத்தியம் செய்ததால் சேர்ந்தேன்.

அந்த வகுப்பைப்போல ஒரு கூத்தை நான் கண்டதில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வரும் இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், பிறகு நான். அவர்கள் தூக்கக் கலக்கத்திலேயே தள்ளாடுவார்கள், அதை மாஸ்டர் திறமை என்று எடுத்துக்கொள்வார். நான் தள்ளாடினால் மட்டும் பிடிக்காது. “அண்ணாச்சி, நீங்க குடிகாரன் இல்ல, போஸ்ட் மரம்!” என்பார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, கிண்ணம் பிடிப்பதுபோலக் கையை வைத்துக்கொள்ள வேண்டும். குடிப்பதுபோல அதை வாய்க்குக் கொண்டுபோய், சட்டென்று மணிக்கட்டின் பின்பக்கத்தால் எதிரியின் தாடையில் அடிக்க வேண்டும். பிறகு பின்னால் சாய வேண்டும், கால் பின்ன வேண்டும், விழுகிறோம் என்கிற இடத்தில் இடுப்பைச் சுழற்றி எழ வேண்டும். சீனத்தில் எட்டுச் சித்தர்கள் குடித்துவிட்டு இப்படித்தான் ஆடினார்களாம். ஒருவர் நொண்டி, ஒருவர் கழுதையில் திரும்பி உட்கார்ந்து போகிறவர். எட்டுப்பேர் குடித்துவிட்டு ஆடியதற்கு அங்கே பரம்பரை என்று பேர். இங்கே நாலுபேர் ஆடினால் ஜீப் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

ஆனால் ஒன்று, பொய் சொல்ல மாட்டேன். முதுகுவலி குறைந்தது. இடுப்பு எனக்கென்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவே எனக்கு வினையாக வந்து முடிந்தது.

வீட்டுப்பாடம் என்று மாஸ்டர் ஒன்று கொடுத்தார். வெறுங்கையோடு ஆடினால் போதாது, உண்மையாகவே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, சிந்தாமல் தள்ளாட வேண்டும். வீட்டில் அதற்கு இடமேது? கரமனை ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு, அங்கே பழகினேன். உடம்பில் காக்கிச் சட்டை. பக்கத்தில் ‘ஸ்கூல் வேன்’ என்று மஞ்சளும் கறுப்புமாக எழுதிய வண்டி. கையில் கிண்ணத்துக்குப் பதிலாகக் கண்ணாடி கிளாஸ். கிளாஸில் என் பெண்டாட்டி தினமும் காய்ச்சிப் பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றித் தரும் பதிமுகத் தண்ணீர்.

பதிமுகம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு மரத்தின் சீவல். கொதிக்கிற தண்ணீரில் ஒரு துண்டு போட்டால் தண்ணீர் சிவந்துபோகும். கேரளத்தில் அதைக் குடிக்காத வீடு கிடையாது, வைக்காத ஓட்டல் கிடையாது. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்தால் அசல் ரம் மாதிரியே இருக்கும். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வீட்டுத் தண்ணீரைப் பார்த்து யாருக்கு ரம் ஞாபகம் வரும்? குடிக்கிறவனுக்குத்தான் வரும்.

பாலத்திலிருந்து எவனோ ஒரு புண்ணியவான் என்னை வீடியோ எடுத்தான். காக்கிச் சட்டைக்காரன், சிவப்புத் தண்ணீர் கிளாஸ், ஒரு மடக்கு, ஒரு தள்ளாட்டம், பின்னால் ஸ்கூல் வேன். சாயங்காலத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸப் குரூப்பில் அது வந்துவிட்டது. நம் குழந்தைகளை இவனையா நம்பி அனுப்புகிறோம் என்று மலையாளத்தில் அடியில் ஒரு வரி.

ஒரு பிள்ளையின் அம்மா எனக்கு அனுப்பித்தான் நானே பார்த்தேன். பெண்டாட்டியிடம் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கொள்ளாம்! இதுக்காக்கும் பீஸ் கெட்டுதிய?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலையில் பாதி வீடுகளின் வாசலில் பிள்ளைகள் இல்லை. ஹாரன் அடித்தேன், கதவு திறக்கவில்லை. உள்ளே குழந்தை “வேன் வந்நு, வேன் வந்நு” என்று கத்துவதும், யாரோ வாயைப் பொத்துவதும் கேட்டது. அத்தோடு சிரிப்பு போயிற்று. பிள்ளைகள் ஏறாவிட்டால் வேன் வெறும் தகரம். அடுத்த வாரம் நாங்கள் என்ன தின்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெசிடென்ஸ் அசோசியேஷன் ஹாலில் விசாரணை. பெற்றோர் எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, எனக்கு மட்டும் நிற்க இடம். குரூப்பின் அட்மின் ஒரு பேங்க் ஆபீஸர், முகத்தைப் பார்த்தாலே லோன் கிடையாது என்று தெரிந்துவிடும். அவர்தான் ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, நமக்கு பெர்சனலா ஒண்ணுமில்ல, கேட்டோ. குட்டிகளோட சேஃப்டி. அவ்வளவே உள்ளு.”

“சார், அது பதிமுகத் தண்ணி” என்றேன். அவர் எதிரே மேஜையில் ஜாடி நிறைய அதே தண்ணீர், அதே சிவப்பு. அதிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துவிட்டு, “அதெங்ஙன விஸ்வசிக்கும்?” என்று என்னைக் கேட்டார். எப்படி நம்புவதாம்! போலீஸ் ஸ்டேஷனுக்கு வாருங்கள், இப்போதே அந்த மெஷினில் ஊதிக் காட்டுகிறேன் என்றேன். இன்று ஊதினால் அன்று குடித்தது தெரியுமா என்றார். படித்தவர் அல்லவா, பதில் தயாராக இருந்தது.

அக்ரஹாரத் தெருவிலிருந்து இரண்டு பிள்ளைகள் என் வேனில் வருவார்கள். அவர்களுடைய அம்மா, “அந்த வீடியோவ நானும்தான் பாத்தேன். கொழந்தேள எப்டி அனுப்பறது?” என்றார். பக்கத்தில் அவர் புருஷன் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் என்ன செய்வார்? தன் தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நாலு ஸ்டாப் தள்ளிப் போய், சர்க்கார் சாராயக் கடை வரிசையில் துணிப்பையோடு நிற்கிற மனிதர் அவர். வேனில் போகும்போது எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவர் மட்டுமா? அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பன்மாரில் பாதிப்பேரை அந்த வரிசையில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர்களும் நானும் ஒரே தராசில் ஏறுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

சாட்சி சொல்ல மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தேன். வந்தார், பட்டுச் சட்டையும் டிராகனுமாக. எனக்காக நாலு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். மனிதர் கைகூப்பிவிட்டு, குங்ஃபூ பழகினால் குழந்தைகளுக்கு ஞாபகசக்தி வளரும், மொபைல் பைத்தியம் தெளியும், பரீட்சையில் மார்க் ஏறும் என்று பேசிக்கொண்டே போனார். சட்டைக்குள்ளிருந்து நோட்டீஸ் கட்டு ஒன்றை எடுத்து வரிசையாக விநியோகித்தார். குழந்தைகளுக்குப் புது பேட்ச்! என் பிழைப்பு நடுரோட்டில் கிடக்கிறது, இவர் அதன்மேல் நின்று நோட்டீஸ் கொடுக்கிறார். பெற்றோர்களும் அதை வாங்கி மடிக்காமல் படித்தார்கள், தூ!

“மாஸ்டர், என் காரியம்?” என்றேன்.

“ஆங்!” என்று அப்போதுதான் என்னைக் கண்டதுபோலத் திரும்பினார். “அண்ணாச்சி ஒண்ணு ஆடிக் காணிக்கட்டே. கண்டா மனசிலாகும், இது வித்யையாணுன்னு.”

ஆடிக் காட்டவா? நான் என்ன குரங்கா? ஆனால் வேறு என்ன வழி இருந்தது? அட்மின் நாற்காலிகளைப் பின்னால் தள்ளச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றினேன்.

மாடியில் ஒருநாளும் வராத ஆட்டம் அன்றைக்கு வந்தது. கோபமா, அவமானமா, இரண்டும் சேர்ந்தா, தெரியாது. விரல்கள் தாமாக வளைந்தன. கால் பின்னியது, உடம்பு அட்மின் மடியில் விழப்போவதுபோலச் சரிந்தது, அவர் அலறி நாற்காலியோடு பின்னால் போனார். அவருடைய தாடைக்கு ஒரு விரல் தூரத்தில் என் மணிக்கட்டு நின்றது. சுழன்று, தரையில் புரண்டு, இல்லாத கிண்ணத்தை வாயில் கவிழ்த்து, விழாமல் எழுந்தேன். என் வாழ்க்கையில் ஒரு காரியத்தை முழுசாகச் சரியாகச் செய்தது அன்றுதான். பெற்றோரோடு வந்து பின்னால் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். “அங்கிள், ஒண்ணுகூடி!” என்று இன்னொரு தடவை ஆடச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, சந்தோஷமாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பெரியவர்கள் கைதட்டவில்லை. அக்ரஹாரத்து அம்மாதான் முதலில் பேசினார்.

“குடிச்சுப் பழக்கமில்லாதவாளுக்கு இப்டி வருமோ? எங்காத்துக்காரர் ஒரு நாளும் தொட்டதில்ல. அவர ஆடச் சொல்லுங்கோ பாப்போம்.”

அவ்வளவுதான். எல்லாத் தலையும் ஆமாம் என்று ஆடியது. மோசமாக ஆடியிருந்தால் இது வித்தையில்லை, வெறும் குடிதான் என்றிருப்பார்கள். நன்றாக ஆடியதால் பழகிய குடிகாரன் என்றார்கள். மறுநாள் முதல் வேன் வேண்டாம் என்று அட்மின் நாற்காலியை நேராக்கிக்கொண்டே அறிவித்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாஸ்டரைச் சுற்றி அம்மாக்கள் நின்று, குழந்தைகள் பேட்ச் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓட்டும் வேனில் ஏறக் கூடாத பிள்ளைகள், நான் ஆடிய அதே தள்ளாட்டத்தைப் படிக்கப் போகிறார்கள். இந்தக் கூட்டத்தின் புத்தியை எந்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்?

வீட்டுக்குப் போனபோது பெண்டாட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்ததையெல்லாம் நின்ற நிலையிலேயே சொன்னேன். கேட்கக் கேட்க அவளுக்கு முகம் சிவந்தது. “அவனுவ வெளங்குவானுவளா? தாடிக்காரன் நாசமாப் போவான்! அந்தப் பொம்பள நாக்கு புழுத்துப் போவும்!” என்று அட்மினில் தொடங்கி ஒருவரையும் மிச்சம் வைக்காமல் பொரிந்து தள்ளினாள். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேன் போனால் போகட்டும், லாரி ஓட்டலாம், எதையாவது ஓட்டலாம்.

“சட்ட நெறைய மண்ணு. கழத்துங்க, நனச்சுப் போடுதேன்” என்று பக்கத்தில் வந்தாள். முதல் பொத்தானைக் கழற்றும் சாக்கில் முகத்தை என் வாயருகே கொண்டுவந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். ஒரு கணம் அதை அப்படியே பிடித்துவைத்திருந்தாள்.

“என்னது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல” என்றாள். அப்புறம்தான் மூச்சை வெளியே விட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. மீதிப் பொத்தான்களை நானே கழற்றிக்கொண்டேன்.