வெறும் வயிற்றில் வந்த வெள்ளை சீரம்

திருச்சி புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்தெட்டு வருடம் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். அத்தனை வருடத்தில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது ஒரே ஒரு வாக்கியம்தான்: "வெறும் வயித்துலதாங்க வந்தேன்." சொல்பவரின் மீசையில் காபி நுரை இருக்கும். ஒருவர் பல்லிடுக்கில் கறிவேப்பிலையை வைத்துக்கொண்டே சத்தியம் செய்தார். நாளாக ஆக, யார் சொன்னாலும் நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் ஒருவருக்கு நான் செய்த தவறைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. மூன்று தடவை குத்தினேன்

வேதவல்லி டீச்சர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஒரு பள்ளியில் கணக்கு எடுப்பவர். நல்ல பருமன். எங்கள் வரவேற்பறை நாற்காலியின் கைப்பிடி இடிக்கிறது என்று ஓரத்து பெஞ்சில்தான் உட்காருவார். கணையம் வீங்கி ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். அவருடைய டாக்டரம்மா, வெறும் வயிற்றில் ரத்தக் கொழுப்பு பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜ் மிஷினில் வேகமாகச் சுற்றி எடுத்தால் மேலே பிரிந்து நிற்கும் நீர்தான் சீரம்; அது இளமஞ்சளாக, கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும். டீச்சருடையது பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மிஷினில் வைத்தேன். எரர் காட்டியது.

"சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு ஒழுங்கா வாங்க" என்றேன்.

"இல்லையே. நேத்து ராத்திரி ஏழு மணிக்கு ரெண்டு தோசை. அப்புறம் வெறும் தீர்த்தம்தான்."

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி மறுபடி வந்தார். மறுபடியும் வெள்ளை. எங்கள் முதலாளி உள்ளே இருந்தே கத்தினார்: "செல்விம்மா, ஒரே பேஷண்டுக்கு எத்தனை டியூப் வீணாக்குவீங்க? சாப்பிட்டாங்களான்னு கேக்க மாட்டீங்களா?"

அந்தக் கோபத்தை நான் டீச்சர் மேல் காட்டினேன். "வாயைக் கட்ட முடியலைன்னா எதுக்கு டெஸ்ட்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

டீச்சர் அழவில்லை. பையைக் கீழே வைத்தார். "ஒல்லியா இருக்கறவா சொன்னா இப்படிக் கேட்டிருப்பேளா? நான் இங்கேயே உக்காந்துண்டிருக்கேன். உங்க கண்ணு முன்னாடியே இருக்கேன். எப்போ நம்பறேளோ அப்போ எடுங்கோ."

உட்கார்ந்தே விட்டார். பத்து மணி, பன்னிரண்டு, ஒன்று. நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே கூசினேன். இரண்டு மணிக்கு எடுத்தேன். அதுவும் வெள்ளை.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். "அவங்க பொய் சொல்லல செல்வி. சாப்பிடற கொழுப்பு ரத்தத்துக்கு வரும், ஈரலும் கொஞ்சம் அனுப்பும். தசை அதை எடுத்து எரிக்கணும். இவங்க உடம்புல அந்த வேலை ரொம்ப மெதுவா நடக்குது. அப்படியே விட்டா திரும்பக் கணையத்துல போய் நிக்கும். சீரத்துல சலைன் ஊத்தி டைல்யூட் பண்ணி மிஷின்ல ஓட்டு, நம்பர் எனக்கு உடனே வேணும்."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார் டீச்சர். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

2. எடை மிஷின் சொன்னது

மாத்திரை கொடுத்தார்கள், எண்ணெய் நெய்யைக் குறைத்தார்கள், தினமும் வேகமாக நடக்கச் சொன்னார்கள். டீச்சர் சாயங்காலம் ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதி நாலையும் சுற்றி வந்தார். இரண்டு மாதம் கழித்து லேபுக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் வெடித்தார்.

"ஒரு கிலோகூட முழுசா இறங்கலை! கால் வீங்கினதுதான் மிச்சம். 'வீதியைத் தேய்ச்சது போதும்'னு ஆத்துக்காரர் சிரிக்கறார்."

ரத்தம் எடுத்துச் சுற்றினேன். சீரம் கிட்டத்தட்டத் தெளிவாக வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். "பாருங்க டீச்சர்!"

"இதை வெச்சுண்டு நான் என்ன பண்றது? ரவிக்கை ஒரு நூலாவது தளர்ந்துதா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கும் ஆத்திரம்தான். இரண்டே மாதத்தில் இவ்வளவு நல்ல ரிசல்ட். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

3. கேட்க மறந்த கேள்வி

மூன்று வாரத்தில் டாக்டரம்மா மறுபடி அனுப்பினார். சீரம் கலங்கி, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வந்தது.

முதலாளி டியூபைப் பார்த்துவிட்டு, "மறுபடி ஆரம்பிச்சிட்டாங்களா? இல்ல நீங்க டியூபை மாத்திட்டீங்களா?" என்றார். டியூபில் என் கையெழுத்திலேயே பெயர் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனேன்.

"மாத்திரை விட்டீங்களா?"

"இல்லை."

"எண்ணெய்?"

"டாக்டர் சொன்ன அளவுதான்."

"சாப்பிட்டீங்களா" என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டேன்: "கடைசியா எப்ப நடந்தீங்க?"

டீச்சர் தலையைக் குனிந்தார். "அன்னிக்கு இங்கேர்ந்து போனேனோல்லியோ, அதோட நிறுத்திட்டேன். எடைதான் குறையலையே."

டீச்சரை நானே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்; அவர் உட்கார வைத்துப் பேசினார். நானும் பக்கத்தில் நின்றேன். "எடை குறையறதுக்கு முன்னாடியே தசை மாறிடும் டீச்சர். இன்னிக்கு நடந்தா நாளைக்குச் சாப்பிடற கொழுப்பை அது சீக்கிரம் எடுத்துக்கும். ஆனா ரெண்டு மூணு நாள் விட்டா அந்தப் பலன் போயிடும். சேத்து வெக்க முடியாது. நடக்கறது எடை மிஷினுக்காக இல்ல, உங்க கணையத்துக்காக."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனா?" என்றார் டீச்சர். நியாயமான கேள்வி.

அன்று சாயங்காலமே மறுபடி நடக்க ஆரம்பித்தார். அடுத்த முறை சீரம் தெளிந்து வந்தது. அந்த டியூபைக் கேட்டார். தரக்கூடாது என்றேன். உடனே போனை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மூன்று போட்டோ எடுத்தார்.

"ஆத்துக்காரர் எடை மிஷினைக் காட்டட்டும். நான் இதைக் காட்டறேன்."

அதற்குப் பிறகும் டீச்சரின் எடை பெரிதாகக் குறையவில்லை. கணையத்துக்காக ஆஸ்பத்திரியில் படுக்கவும் இல்லை.

கடைசியாக எப்போது நடந்தீர்கள் என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என முதலாளியிடம் கேட்டேன். "இருக்கிற கேள்விக்கே ஒழுங்கா பதில் வரல செல்விம்மா" என்றார். அதுவும் உண்மைதான். அதனால் நானே வாயால் கேட்க ஆரம்பித்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சீரம் வெள்ளையாக வந்தால் அதில் கொழுப்பு இருக்கிறது என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். வந்தவர் பொய் சொல்கிறார் என்பதை எந்த டியூபும் காட்டாது.