நாலு சீலம்

என் குறிப்பேட்டில் 'வைகாசிப் பௌர்ணமி, ஞாயிறு' என்று இருக்கிறது. ஆண்டை எழுதாமல் விட்டது என் பிழை. 1920களின் நடுவில் என்பது உறுதி. அன்று மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆறு பேர் ஈப்போவுக்குப் போனோம். தமிழ் பேசும் இலங்கைப் பிக்கு ஒருவர் அங்கே பௌத்தத்தின் அடிப்படைகளைப் புதியவர்களுக்குச் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

அவர் எளிமையாகப் பேசினார். வாழ்வில் துக்கம் உண்டு. அதற்குக் காரணம் தீராத வேட்கை. வேட்கை அடங்கினால் துக்கமும் அடங்கும். அடங்குவதற்கு வழி இருக்கிறது. பார்வை, எண்ணம், பேச்சு, செயல், பிழைப்பு, முயற்சி, விழிப்பு, மன ஒருமை என்ற எட்டையும் நேராக்கிக்கொள்வதே அந்த வழி. புத்தர் வரம் தரும் கடவுளல்லர், வழியைக் கண்டு சொன்ன மனிதர் என்றார். தொடங்குகிறவர்களுக்கு ஐந்து சீலங்கள்: கொல்லாமை, திருடாமை, பிறர்மனை நாடாமை, பொய் சொல்லாமை, மது அருந்தாமை. விரும்புகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தம்மோடு சேர்ந்து சொல்லலாம் என்றார்.

எங்களோடு மனைவியுடன் வந்திருந்த ஒருவர், தோட்டத்துக் கால்வாய்களில் கொசுப்புழு சாக எண்ணெய் தெளிப்பவர். மலேரியாவில் மகளைப் பறிகொடுத்த பிறகு அந்த வேலையைக் கேட்டு வாங்கியவர். துக்கத்தைப் பற்றிய பேச்சை அசையாமல் கேட்டவர், முதல் சீலத்துக்கு வாயைத் திறக்கவில்லை.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றேன்.

"நாளைக்குக் காலையில டின்னத் தூக்கிட்டு எண்ணெய் அடிக்கப் போவணும். இன்னிக்குக் கொல்ல மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"சும்மா சொல்லுங்கண்ணே. எல்லாரும் சொல்றாங்கல்ல."

"சும்மா சொன்னா நாலாவது போயிடும்லா."

பிக்கு நிறுத்தி விசாரித்தார். என்ன நினைத்துச் செய்கிறோம் என்பதும் வினையில் சேரும் என்று சொல்லிப் பார்த்தார்.

"புள்ளைங்களுக்காகத்தான் செய்றேன், சாமி. ஆனா சாவுறது சாவுறதுதானே."

பிக்கு ஒப்புக்கொண்டார். "அப்படியென்றால் முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்."

மீதி நான்கையும் எண்ணெய் தெளிப்பவர் திருத்தமாகச் சொன்னார். முடிந்ததும் அவர் மனைவி, "அஞ்சாவத மட்டும் இவர இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க சாமி, எனக்குச் சரியா கேக்கல" என்றார். பிக்குவும் சிரித்துவிட்டார்.

தோட்டத்தில் எண்ணெய் தெளிப்பவருக்கு 'நாலு சீலம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கேலியைத் தொடங்கியவன் நான்தான். அடுத்த சம்பள நாளில், ஐந்தையும் சொல்லி வந்த எங்களில் மூவர் கள்ளுக்கடையில் இருந்தோம். அந்தப் பக்கமாக எண்ணெய் டின்னுடன் போனவர் நின்றார்.

"நீங்கள்லாம் இப்ப எத்தன?"

"நாலுண்ணே" என்றேன்.

"அப்ப சரிதான்" என்று கால்வாய்ப் பக்கம் நடந்தார்.