ஒரு சொட்டும் குடிக்காதவர்

சில வருடங்களுக்கு முன்பு, ஹஜ்ஜுப் பெருநாளன்று பகல், ஏறாவூரில் எங்கள் வீட்டில் நடந்தது. சாப்பிட்டு எழும்பிய என் கணவர் கை கழுவக்கூடப் போகவில்லை. வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு பாயிலேயே குப்புற மடிந்தார். நோவு முதுகுவரை ஊடுருவுகிறது என்றார். மாட்டிறைச்சி செமிக்கவில்லை என்று நினைத்து இஞ்சித் தேநீர் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தார். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். அப்படி ஓர் உறுப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வாட்டில் டொக்டர் முதலில் கேட்டது, "குடிப்பீங்களா?" என்பதுதான். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர் இவர்.

"ஒரு சொட்டும் வாயில வெச்சதில்ல டொக்டர்" என்றார்.

டொக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்திருந்த எங்கள் ஊரவர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வீடு திரும்புமுன்பே, குடியால் வந்த வருத்தம் என்ற கதை ஊருக்குப் போய்விட்டது. கட்டாரில் லொறி ஓட்டிய காலத்தில் பழகியிருப்பார் என்றார்கள். என் கூடப்பிறந்த காக்கா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பள்ளிவாசலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

நோவு திரும்பத் திரும்ப வந்தது. சோற்றுக் கோப்பையைக் கண்டாலே இவர் பயந்தார். உடம்பு வற்றி, சட்டை தோளில் தொங்கியது. ஆனால் அவர் அழுதது அதற்காக அல்ல.

"நோவத் தாங்கலாம் புள்ள. இந்தக் கெட்ட பேரத் தாங்க ஏலா."

பிறகு கிளினிக்கில் ஸ்கேன் படத்தைப் பார்த்த ஒரு பெண் டொக்டர், சிகரட் பழக்கம் உண்டா என்று கேட்டார். இளவயதிலிருந்தே புகை பத்துகிறார் என்று நான்தான் சொன்னேன். இவர் சிரித்தார்.

"அது நெஞ்சுக்குத்தானே கூடாது டொக்டர்? வயித்துக்கென்ன?"

"கணையத்துக்கும் கூடாது. குடிக்காத ஆக்களுக்கும் இந்த நோய் வாறத்துக்கு அது ஒரு காரணம். வந்த நோயக் கெதியா முத்தவும் வைக்கும். உள்ளுக்குக் கல்லுப் பிடிச்சிட்டுது. பழுதானது இனித் திரும்பி வராது. இப்பவே விட்டா மிச்சத்தையாவது காப்பாத்தப் பார்க்கலாம்."

இவர் இடிந்துபோவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸில் வாவியோரமாக வரும் வழியெல்லாம், "கேட்டியா புள்ள, குடியில்லயாம்!" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று மாலையே காக்காவின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். காக்கா இவரைக் கட்டிப்பிடித்து அழுதாராம். இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தபோது காக்கா இவருக்கு ஒரு சிகரட்டை நீட்டி, தானே நெருப்புக்குச்சியும் கிழித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர் என்ன சொன்னவ? அதக் குடுக்காதீங்க காக்கா!"

"ஒண்டுதானே தங்கச்சி. மச்சான் எவ்வளவு நொந்துபோய் இருக்காரு, விடு."

நோன்பு காலத்தில் பகல் முழுதும் சிகரட்டைத் தொடாமல் இருந்தவர்தானே, எப்படியும் விட்டுவிடுவார் என்று நம்பினேன். அடுத்த முறை வாட்டில் இருந்தபோது கட்டிலில் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், கட்டடத்துக்குப் பின்னால் மதிலில் சாய்ந்து நிற்கிறார். சேலைன் ஏற்ற ஊசி குத்திய கையிலேயே சிகரட் புகைகிறது.

"ஏசாத புள்ள. விட ஏலாமக் கிடக்கு."

ஏசவில்லை. பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். அந்தக் கையில் சதையே இல்லை.

அதன் பிறகு சீனி வருத்தமும் வந்தது. இப்போது அவருக்கு இன்சுலின் ஊசி போடுவது நான்தான். சந்திக் கடைவரை நடக்கச் சக்தி இல்லாமல் போனபோதுதான் சிகரட்டை விட்டார். நோவு இன்னும் வருகிறது. காக்கா இளநீர்க் குரும்பையோடு பார்க்க வருவார். இடையில் எழும்பி வெளியே ரோட்டுக்குப் போய்விட்டு, சட்டையில் புகை வாசத்தோடு திரும்பி வந்து கட்டிலருகே உட்காருவார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

குடித்தார் என்ற பொய்க்காக ஊரே அவரை ஒதுக்கி வைத்தது. சிகரட் என்ற உண்மை தெரிந்தபோது ஒருவருக்குக்கூடக் கோபம் வரவில்லையே என்பதை நினைக்காமல் எனக்கு இன்றுவரை ஒரு நாளும் கழிவதில்லை.